இன்ஜின் அடிக்கிறதா? சத்தம் வரும் நேரத்தை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

காரைக் கொண்டுவருகிறவர்கள் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். ஒருவர் "டக் டக்" என்பார். அதே சத்தத்தை இன்னொருவர் "கட கட" என்பார். இரண்டையும் கேட்டுக்கொள்வேன். ஜாப் கார்டில் எழுதுவது என்னவோ சத்தம் வரும் நேரத்தைத்தான். முதல் ஸ்டார்ட்டிலா, சூடேறிய பிறகா, ஏற்றத்தில் மிதிக்கும்போதா, ஆக்சிலரேட்டரை விடும்போதா, கிளட்ச் மிதித்தால் மாறுகிறதா? சத்தத்தை வர்ணிப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபடும், நேரத்தைச் சொல்வதில் வேறுபடாது. அதனால் கீழே எல்லாவற்றையும் நேரத்தை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## இன்ஜினை உடனே அணைக்க வேண்டிய நிலைகள்

சத்தத்தோடு சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், ஓரமாக ஒதுக்கி உடனே இன்ஜினை அணையுங்கள். "பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும்" என்ற கணக்கே வேண்டாம். அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்ச், பெரும்பாலான கார்களில், ஆயில் பிரஷர் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். விளக்கு கண்ணில் படும்போது பிரஷர் ஏற்கெனவே தரைதட்டிவிட்டது என்று அர்த்தம். ரேஸ் செய்தால் விளக்கு அணைந்துவிடுகிறது என்று தொடர்ந்து ஓட்டிவந்தவர்களின் கிராங்கைத்தான் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) நான் அதிகம் கழற்றியிருக்கிறேன்.

இன்னும் மூன்று நிலைகளிலும் இதே விதி. ஒன்று, வெள்ளத்தில் இறங்கி ஏறியதும் சத்தம் ஆரம்பித்தால். இரண்டு, டெம்பரேச்சர் முள் சிவப்பில் நிற்கும்போது சத்தம் வந்தால். மூன்று, "டமார்" என்று ஒன்று கேட்டு, அதன் பிறகு இழுவை குறைந்து அடிக்க ஆரம்பித்தால். இந்த நிலைகளில் சோதித்துப் பார்க்கவும் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

## எந்தச் சத்தமானாலும் முதலில் செய்ய வேண்டியவை

ஆயில் அளவு. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். துடைக்காமல் பார்க்கும் முதல் அளவு பொய் சொல்லும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார்களும் இருக்கின்றன, அவற்றில் திரையில் வரும் அளவைப் பார்க்க வேண்டும்.

- குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால், கையேட்டில் சொல்லியிருக்கும் கிரேடையே ஊற்றி நிரப்புங்கள். பல கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். நிரப்பியதும் சத்தம் நின்றால் இன்ஜின் இப்போதைக்குத் தப்பியது. ஆனால் அந்த ஆயில் எங்கே போனது என்று கண்டுபிடிக்கும் வேலை பாக்கி இருக்கிறது.
- மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது, பெட்ரோல் அல்லது டீசல் வாடை வருகிறது என்றால், எரிபொருள் ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயில் நீர்த்துப்போயிருக்கும். மாற்றாமல் ஓட்டாதீர்கள்.
- மோர் கலந்தது போல் வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கலாம். ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்.

நீண்ட ஸ்க்ரூ டிரைவர். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இல்லாவிட்டால் இதுவே போதும். முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். பேனட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டபோது எங்கும் பரவி ஒலித்த சத்தம் இதில் துல்லியமாகப் பிரியும். மேலே வால்வ் கவர், நடுவே பிளாக்கின் பக்கவாட்டு, கீழே ஆயில் தேங்கும் சம்ப், முன்னால் செயின் கவர், பின்னால் கியர்பாக்ஸ் சேரும் இடம் என்று ஐந்து இடங்களில் வைத்து ஒப்பிடுங்கள். இரும்பு வழியே சத்தம் ஓடும் என்பதால், ஓரிடத்தில் பலமாகக் கேட்டது என்று அங்கேயே முடிவுகட்டக் கூடாது. கீழே உட்கார்ந்து சம்ப்பில் வைத்துக் கேட்பதானால் வண்டியை ஜாக்கில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் போகவே போகாதீர்கள். பெல்ட், ஃபேன் பக்கம் சட்டைக் கையும் முடியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் எதிர்பாராமல் சுற்ற ஆரம்பிக்கும்.

தாளம். ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று போகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 13 சுற்று. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, ஆறு ஏழு சுற்று. எண்ணிப் பார்க்க முடியாது, ஆனால் காது பிரித்துவிடும். தனித்தனியாக "டிக், டிக், டிக்" என்று நிதானமாக விழுந்தால் கேம், வால்வ் பக்கம். அதைவிட இரட்டிப்பு வேகத்தில் நெருக்கமாக விழுந்தால் கிராங்க், பிக் எண்ட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனை) பக்கம்.

## கிளட்ச், கியர், ஏசி எதையாவது மாற்றினால் சத்தமும் மாறுகிறது

"இன்ஜின் போச்சு" என்ற முகத்தோடு வருகிறவர்களில் பலருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

கிளட்சை மிதித்ததும் சத்தம் நிற்கிறது அல்லது அப்போதுதான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் இன்புட் பேரிங், டூயல் மாஸ் ஃபிளைவீல் (கிராங்கின் பின்னால் அதிர்வைக் குறைக்கும் இரட்டைச் சக்கரம்) இவற்றில் ஒன்று. இன்ஜினை அணைக்கும் நொடியில் "லொட லொட" என்று குலுங்கி நின்றால் ஃபிளைவீல் மேல் சந்தேகத்தை அதிகப்படுத்துங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் மாற்றும்போது அடி மாறினால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் விரிசலோ தளர்ந்த போல்ட்டோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது விரிந்தால் வரும் சத்தம் கேட்பதற்கு அச்சு அசலாக கனெக்டிங் ராட் அடிப்பது போலவே இருக்கும். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் அந்தப் பிளேட்டை மறைக்கும் மூடியைத் திறந்து போல்ட்டுகளைக் கைவைத்துப் பார்ப்பது அரைமணி நேர வேலை.

ஏசி போட்டால் மட்டும் என்றால் கம்ப்ரஸர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் என்றால், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில், அதன் பம்ப். புறப்படும்போதும் நிற்கும்போதும் ஒரே ஒரு "தொம்" என்றால் இன்ஜின் மவுண்டிங். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்வது போல் வந்தால் சைலன்சர் மேல் இருக்கும் ஹீட் ஷீல்டு. இன்ஜின் ஆறிய பிறகு அதைக் கையால் தட்டிப் பாருங்கள், அதே சத்தம் வரும்.

எதிலும் மாறவில்லை, ஆனால் இன்ஜினின் முன்பக்கம் பலமாகக் கேட்கிறது என்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர், டென்ஷனர், ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப் இவற்றைக் கையால் சுற்றி ஆட்டிப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடலாம். வாட்டர் பம்ப் நின்றிருக்கும் என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஹைப்ரிட் வண்டியில் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

## ஏற்றத்தில், டாப் கியரில் மிதித்தால் சோழி குலுக்குவது போல் வருகிறது

இது பெட்ரோல் வண்டியின் நோய். எரிபொருள் சீராக எரியாமல் சிலிண்டருக்குள் வெடித்து எரிகிறது. இரும்பு இரும்போடு மோதுவதில்லை என்பதால் நாலு நாள் கேட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். விட்டுவைத்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. அதே ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து ஏறுங்கள். சத்தம் போய்விட்டால் இன்ஜினை மூச்சுத்திணற இழுக்கவைத்திருக்கிறீர்கள், ஓட்டும் முறையை மாற்றினாலே போதும்.

போகவில்லையென்றால் எரிபொருள். டேங்க் மூடியின் உட்பக்கம் எந்த ஆக்டேன் (எரிபொருள் வெடித்து எரியாமல் தாங்கும் திறன்) தேவை என்று எழுதியிருக்கும். அதற்குக் குறைந்ததைப் போட்டிருந்தால் அடுத்த முறை சரியானதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலிலும் கேஸிலும் ஓடும் வண்டி உங்களிடம் இருந்தால் அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. அதே ஏற்றத்தைப் பெட்ரோலில் ஒருமுறையும் கேஸில் ஒருமுறையும் ஏறுங்கள். கேஸின் ஆக்டேன் பெட்ரோலைவிட அதிகம். பெட்ரோலில் மட்டும் சோழி குலுங்கி, கேஸில் அடங்கினால் எரிதல்தான் கோளாறு. இரண்டிலும் ஒரே மாதிரி அடித்தால் இந்தத் தலைப்பை விட்டுவிட்டு இயந்திரத் தேய்மானத்தைத் தேடுங்கள்.

அடுத்து கூலன்ட் அளவு, ஃபேன் சுற்றுகிறதா என்பது. சூடு கூடினால் இந்தச் சத்தமும் கூடும். பிறகு ஸ்பார்க் பிளக். கையேட்டில் உள்ள எண்ணும் பிளக்கில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். முனையின் பீங்கானில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளியோ பளபளப்புத் துகளோ ஒட்டியிருந்தால் அடி பலமாக விழுந்திருக்கிறது. கிட்டத்திலேயே ஓட்டி ஓட்டி நிறுத்தும் வண்டியில் கார்பன் படிந்தும் இது வரும்.

இதுவரைக்கும் வீட்டு வேலை. இதற்கு மேல், வண்டியின் கணினியில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0325 வந்தால் நாக் சென்சார் சர்க்யூட், பி0171 வந்தால் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதவில்லை, பி0401 வந்தால் இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு). நாக் சென்சாரைக் கழற்றி மாட்டியவர் முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினாரா என்று கேளுங்கள். அதிர்வை உணரும் பொருள் அது. அதிகம் முறுக்கினாலும் தளர்வாக விட்டாலும் தப்பான சேதி சொல்லும்.

டர்போவும் நேரடி இன்ஜெக்‌ஷனும் சேர்ந்த பெட்ரோல் வண்டிக்கு மட்டும் தனியாக ஒன்று. 1500, 2000 ஆர்பிஎம்மில் முழுக்க மிதிக்கும்போது சோழிச் சத்தம் இல்லாமல் "டங்" என்று சுத்தியலால் அடித்தது போல் ஒன்றிரண்டு அடி விழுந்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே தானாகப் பற்றுகிறது. சில அடிகளிலேயே பிஸ்டன் உடையும் அளவுக்கு இதில் விசை இருக்கிறது. ஆயிலின் தன்மையும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரத்தில் இதைத் தடுக்கும் சோதனையும் சேர்க்கப்பட்டது. டப்பாவில் அந்தக் குறி இருக்கிறதா பாருங்கள், கையேட்டுக்குப் பொருந்தினால் அதற்கு மாறுங்கள். மாறியும் அடித்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

## முதல் ஸ்டார்ட்டில் சத்தம், பிறகு அடங்குகிறது

எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கடிகாரம் பாருங்கள்.

இரண்டு மூன்று வினாடி "கடகட", இன்ஜினின் ஒரு ஓரத்தில். கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின். ஆயில் பிரஷர் ஏறித்தான் டென்ஷனர் செயினை இறுக்கும், அதுவரை செயின் கவரில் அடிக்கிறது. முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். நல்ல ஃபில்டருக்குள், வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வ் இருக்கும். போலி ஃபில்டரில் அது வேலைக்காகாது. ஆயிலும் அசல் ஃபில்டரும் மாற்றியும் தொடர்ந்தால் டென்ஷனர். அதற்குப் பிறகுதான் செயின். ஸ்கேனரில் பி0016 வந்தால் செயின் நீண்டு கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள் கொள்ளலாம். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை இன்ஜினில் செயின் ஒரு பல் தாண்டினாலும் ஆபத்து என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓரிரு நிமிடம் "டிக் டிக்", மேலே. ஹைட்ராலிக் டேப்பெட்டில் (வால்வ் பக்கத்து இடைவெளியை ஆயில் பிரஷரால் நிரப்பும் பாகம்) ஆயில் நிரம்ப நேரமாகிறது. ஆயில் மாற்றும் நாள் தாண்டியிருக்கும் அல்லது தப்பான கிரேடு ஊற்றியிருக்கும். சரியான ஆயிலில் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடினாலே பல வண்டிகளில் அடங்கிவிடும்.

ஐந்து பத்து நிமிடம். இதில் இரண்டு பேர் ஒருவர்போல் ஒருவர் வேஷம் போடுவார்கள். ஒன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவு, மற்றது பிஸ்டன் அடி, அதாவது பிஸ்டன் ஆடி சிலிண்டர் சுவரில் மோதுவது. இரண்டும் உலோகம் சூட்டில் விரிந்ததும் அடங்கும். மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கரிக்கோடு ஓடியிருந்தால், முதல் ஸ்டார்ட்டில் அங்கே கையை அருகே கொண்டுபோனால் (தொடாமல்) "புஸ் புஸ்" என்று காற்று பட்டால் கசிவு. போல்ட் உடைந்திருக்கிறதா பாருங்கள். கரியும் இல்லை, காற்றும் இல்லை, பிளாக்கின் பக்கவாட்டில் பானையைத் தட்டுவது போல் உள்கூடான சத்தம் என்றால் பிஸ்டன் அடி. ஆயில் குடிக்காமல், புகை வராமல், சூடானதும் முழுக்க அடங்குகிற பிஸ்டன் அடியோடு வண்டிகள் வருடக்கணக்கில் ஓடுகின்றன. அதற்காக மட்டும் இன்ஜினைப் பிரிக்கச் சொல்லமாட்டேன். சூடேறும்வரை விரட்டாமல் ஓட்டுங்கள்.

## சூட்டிலும் நிற்காத "டிக் டிக்"

நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர்களே தையல் மெஷின் போல் டிக்கடிக்கும், அது இயல்பு. வண்டி வாங்கிய நாளிலிருந்து இருக்கும் சத்தத்தை நோயாகக் கருத வேண்டாம்.

புதிதாக வந்தது என்றால் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைத் தொட்டுப் பாருங்கள். டேப்பெட் அடிக்கிறது என்று ஒரு வண்டி வந்தது. அதற்கு முன்பே இரண்டு இடங்களில் வால்வ் கவரைக் கழற்றி, டேப்பெட் அட்ஜஸ்ட் செய்து, சரியாகாமல் அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது பிளக்கின் மேலிருந்த இக்னிஷன் காயிலை உருவினேன். குழிக்குள் பிளக்கைச் சுற்றி ஈரக்கரி. சாக்கெட்டை வைத்ததும் பிளக் கையாலேயே சுற்றியது. கம்ப்ரஷன் அதன் மரை வழியே கசிந்து டிக் டிக் என்று கேட்டிருக்கிறது. மரை கெடாமல் இருந்தது. புது பிளக் போட்டு முறுக்கியதும் சத்தம் இல்லை. அன்றிலிருந்து டேப்பெட் சத்தம் என்று எது வந்தாலும் என் கை முதலில் பிளக்குக்குத்தான் போகும்.

பிளக் இறுக்கமாக இருக்கிறது என்றால் வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி). இன்டேக்கில் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 0.30 மி.மீ. என்பது போன்ற அளவுகள் பல இன்ஜின்களில் உண்டு. உங்கள் இன்ஜினுக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள், அதைக் குளிர்ந்த நிலையில் எடுக்கச் சொல்லியிருக்கிறதா என்பதையும். இங்கே ஒரு எச்சரிக்கை: சத்தம் வரக்கூடாது என்று அளவைக் குறைத்து வைத்துவிடுவது பெரிய தப்பு. இடைவெளி இல்லாத வால்வ் சத்தமே போடாமல் தீய்ந்துபோகும். டேப்பெட் கொஞ்சம் பேசினால் பரவாயில்லை.

ஹைட்ராலிக் டேப்பெட்டில் ஒன்று செத்திருந்தாலோ கேமின் மேடு தேய்ந்திருந்தாலோ வால்வ் கவரைக் கழற்றித்தான் பார்க்க முடியும். அது மெக்கானிக்கின் வேலை.

## சூடேறிய பிறகு ஆழமாக "டொக் டொக்"

ஆயில் கெட்டியாக இருக்கும்போது அமைதி, இளகியதும் அடி. மேலே சொன்ன பிஸ்டன் அடிக்கு நேர் எதிர். இதைக் கேட்டால் பிக் எண்ட் பேரிங்கை நினைத்துக்கொண்டுதான் மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும்.

ஆயில் அளவு சரியாக இருந்து, விளக்கும் எரியவில்லை என்றால் மட்டும், சில நொடிகளுக்கு இப்படிக் கேளுங்கள். நியூட்ரலில் மெதுவாக 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பட்டென்று ஆக்சிலரேட்டரை விடுங்கள். ஏறும்போது ஒரு மாதிரியும் விட்டதும் "டொடொடொக்" என்று உரக்கவும் வந்தால் பிக் எண்ட். ஐடிலிங்கில் இரண்டு இரண்டாக "டக்டக், டக்டக்" என்று மேல்ஸ்தாயியில் வந்தால் பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கோக்கும் ஆணி (பிஸ்டன் பின்). ஸ்க்ரூ டிரைவரைச் சம்ப்பில் வைத்தால் பெரிய அடி, பாரம் ஏற்றி இழுக்கும்போது மட்டும் தரையிலிருந்து எழுவது போல் என்றால் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்.

எந்த சிலிண்டர் என்று பிடிக்க, ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்யவைத்துப் பார்ப்பார்கள். பல ஸ்கேனர்களில் இதற்கான வசதி இருக்கிறது. அந்த சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் பாதியாகக் குறைந்தால் ஆள் அங்கேதான். காயிலை உருவி இதைச் செய்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்டருக்குள் போய் அதைப் பொசுக்கும், அதனால் இன்ஜெக்டரை நிறுத்துவதுதான் முறை.

அடுத்தது ஆயில் பிரஷர். விளக்கை நம்பாமல், சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்கு சூடான பிறகு அளக்கச் சொல்லுங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் நெடுநாளாக வைத்திருக்கும் கணக்கு. கம்பெனி கொடுத்த அளவு கையில் இருந்தால் அதுதான் இறுதி. பிரஷர் குறைவு என்றால் சம்ப்பைக் கழற்றுவதற்கு முன் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை வெள்ளைத் துணியில் பிழிந்து வெயிலில் பிடியுங்கள். மினுமினுவென்று துகள் தெரிந்தால் பேரிங் கரைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டவில்லை என்று ஆறுதல் அடையாதீர்கள், பேரிங் பூச்சு காந்தத்தில் ஒட்டாது.

ஒரே கோளாறோடு வந்த இரண்டு வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டுமே அடியில் கல் தட்டியவை. சம்ப் ஓட்டையாகவில்லை, ஆயில் ஒழுகவில்லை, டிப்ஸ்டிக்கில் அளவு சரி. தகரம் மட்டும் உள்ளே குழிந்து, ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையோடு ஒட்டிக்கொண்டது. சூடான ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்கும், ரேஸ் செய்தால் அணையும். முதல் வண்டிக்காரர் விளக்கு மினுக்கிய அன்றே டோயிங் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். சம்ப்பை மாற்றி, ஸ்ட்ரெய்னரை மாற்றி, பிரஷர் அளந்து அனுப்பினோம். இரண்டாவது வண்டிக்காரர் இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார். அதில் கனெக்டிங் ராட் மூடியைக் கழற்றி, பேரிங்காக இருக்கும் அரைவட்டத் தகடான ஷெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஈயம் பூசிய பாத்திரத்தில் ஈயம் தேய்ந்து அடி தெரிவது போல, சாம்பல் பூச்சு போய் நடுவில் செம்பு தெரிந்தது. ஓரத்தில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல். அந்த பேரிங்கில் ஆயில் நிற்க வேண்டிய இடைவெளி பொதுவாக 0.025 முதல் 0.05 மி.மீ. வரைதான், ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. அதற்குமேல் கொஞ்சம் திறந்துவிட்டாலே ராட் ஊஞ்சலாட ஆரம்பித்துவிடும்.

இந்த நிலைக்கு வந்த பிறகு செய்யக் கூடாதவை இரண்டு. கெட்டி ஆயிலோ சத்தம் குறைக்கும் திரவமோ ஊற்றினால் அடி கொஞ்ச நாள் மறையும், தேய்மானம் மறையாது. கிராங்கை அளக்காமல் புது ஷெல் மட்டும் போட்டு மூடினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் திரும்ப வரும். கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்து, கீறல் இருந்தால் தேய்த்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் ஷெல் (தேய்த்த கிராங்குக்குப் பொருந்தும் தடித்த ஷெல்) போடுவது முறை. சில கம்பெனிகள் தங்கள் கிராங்கைத் தேய்க்கவே கூடாது என்று சொல்லியிருக்கின்றன, அவற்றுக்குப் புது கிராங்குதான். ராடு பிளாக்கைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் மொத்த இன்ஜினும் போச்சு.

## டீசல் இன்ஜின் வழக்கத்தைவிட அதிகமாக அடிக்கிறது

குளிரில் டீசல் கடகடப்பது இயல்பு. நேற்றுவரை இல்லாத சத்தம், ஒரே சிலிண்டரில் ஆணி அடிப்பது போல், கூடவே புகை என்றால் இன்ஜெக்டர். சுலபமானதிலிருந்து வாருங்கள். டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? எரிபொருள் குழாயில் காற்றுக்குமிழி ஓடுகிறதா? காலையில் மட்டும் வெள்ளைப்புகையோடு அடித்து, பிறகு சரியானால், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். இவையெல்லாம் சரி என்றால் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை (டேங்குக்குத் திரும்பும் டீசலின் அளவு) ஒப்பிட்டுப் பார்க்க மெக்கானிக் வேண்டும். மாற்றும்போது புது இன்ஜெக்டரின் குறியீட்டு எண்ணைக் கணினியில் ஏற்றவேண்டிய வண்டிகளில், அதை ஏற்றினார்களா என்று கேளுங்கள். ஏற்றாவிட்டால் புது இன்ஜெக்டரே அடிக்கும்.

பழைய டீசல் வண்டிகளில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சிலிண்டரைக் கண்டுபிடிப்பது வழக்கம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர்பிரஷர் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். 2000 பார் வரை பிரஷர் போகும் குழாய் அது. ஊசிமுனை அளவு கசிவும் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். அப்படி ஏதும் பட்டுவிட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் ஒயரையும் உருவாதீர்கள்.

## தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியே நீர் உள்ளே போனால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராட் வளையும். வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள், பல ராடுகள் அந்தச் சமயத்தில்தான் வளைகின்றன. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரமா பாருங்கள். ஈரம் என்றால் டோயிங். ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி லேசாக அடித்துக்கொண்டு ஓடுகிறது என்றாலும் கம்ப்ரஷன் அளக்காமல் ஓட்டக் கூடாது.

## ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் புதுச் சத்தம்

கடைசியாக எதைக் கழற்றினார்களோ அங்கேயே தொடங்குங்கள். பிளக் மாற்றினார்கள் என்றால் மரை நீளம் அதிகமான பிளக் பிஸ்டன் தலையில் தட்டுகிறதா? டைமிங் பெல்ட் மாற்றினார்கள் என்றால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறதா? ஆயில் மாற்றினார்கள் என்றால் கிரேடும் அளவும் சரியா? பெல்ட் விஷயத்தில் சந்தேகம் வந்தால் இன்ஜினை ஓடவிடாமல் கையால் சுற்றிக் குறிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

## மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது

குளிரில் வரும் சத்தம் என்றால் முந்தின இரவே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். ஓட்டிக்கொண்டு போனால் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். விட முடியாவிட்டால் பேனட்டைத் திறந்துவைத்து, போனை ஓரிடத்தில் நிறுத்தி, சாவி திருப்புவதற்கு முன்பிருந்தே பதிவு செய்யுங்கள். ஆர்பிஎம் முள்ளும் அந்தப் பதிவில் தெரிந்தால் இன்னும் நல்லது. கடைசியாக ஆயில் மாற்றிய கிலோமீட்டர், ஊற்றிய கிரேடு, அடியில் ஏதாவது தட்டியதா என்பது, மேலே செய்த சோதனைகளில் எதெது முடிந்தது என்பது, எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும்.

இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னால் அதற்குமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கேஜ் மாட்டி அளந்த ஆயில் பிரஷர் எவ்வளவு, ஸ்கேனரில் வந்த எண்கள் என்ன, வெட்டிய ஃபில்டரில் என்ன இருந்தது. சம்மதித்துப் பிரித்த பிறகு, கழற்றிய ஷெல்களை எந்த சிலிண்டரில் இருந்தது என்று எழுதி வரிசையாக எடுத்துவைக்கச் சொல்லி, நேரில் போய்ப் பாருங்கள்.